ரிவார்டு பாயிண்டின் மதிப்பு என்ன? எக்ஸெலில் கணக்கிடலாம்

கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்ட்டில் காணும் ரிவார்டு பாயிண்ட் ரூபாய் அல்ல. அதன் மதிப்பு கார்டுக்குக் கார்டு மாறும். எக்ஸெலைத் திறந்து கீழ்க்கண்டபடி செய்யவும்.

1. முதல் வரிசையில் செலவு, பாயிண்ட், ஒரு பாயிண்டின் மதிப்பு, சதவீதம் எனத் தலைப்புகளை டைப் செய்யவும்.

2. திருவண்ணாமலைக் கடைத்தெருவில் தீபத் திருவிழாவுக்கு 10,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். எஸ்.பி.ஐ. சிம்ப்ளிகிளிக் கார்டில் 100 ரூபாய்க்கு 1 பாயிண்ட். மதிப்பு 25 பைசா. ஏ2 செல்லில் 10000, பி2-வில் 100, சி2-வில் 0.25 கொடுக்கவும்.

3. டி2-வில் = குறியிட்டு, பி2 * சி2 / ஏ2 * 100 என அமைத்து என்டர் தட்டவும். விடை 0.25.

4. ஐ.ஆர்.சி.டி.சி. எஸ்.பி.ஐ. பிளாட்டினம் கார்டில் 125 ரூபாய்க்கு 1 பாயிண்ட். மதிப்பு 1 ரூபாய். மூன்றாம் வரிசையில் 10000, 80, 1 கொடுத்து, டி2-வை டி3-க்கு காப்பி செய்யவும். விடை 0.8.

பாயிண்ட் குறைவு, லாபம் 25 ரூபாய்க்குப் பதில் 80 ரூபாய்! ஆனால் அது ரயில் டிக்கெட் எடுப்பவருக்கே பயன்படும். கார்டின் ஆண்டுக் கட்டணத்தையும் கழித்துப் பார்க்கவும்.

முக்கியக் குறிப்பு: பாக்கி வைத்தால், வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலே 10,000 ரூபாய்க்கு 350 ரூபாய் போய்விடும். கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டுபவருக்கே பாயிண்ட் லாபம்.