‘சாமியைக் காட்டு!’ என்று பிள்ளை கேட்டால்...

ஸ்ரீபெரும்புதூர் போயிருக்கிறீர்களா, சகோதரிகளே? 1017-ஆம் ஆண்டு சித்திரைத் திருவாதிரையில் ராமாநுஜர் அவதரித்த தலம். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் ‘தானுகந்த திருமேனி’யாக இன்றும் சேவை சாதிக்கிறார். கோயிலை விட்டு வெளியே வந்தால் ஒரகடம் வரைக்கும் தொழிற்சாலைகள்தான்!

அங்கே வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளில் சிலர், நாம் விளக்கேற்றும் நேரமாகப் பார்த்து, ‘‘சாமி இருக்குன்னு நிரூபிங்க பார்க்கலாம்’’ என்பார்கள். நாமும் சளைக்காமல், ‘‘பானை இருந்தா குயவன் இருக்கணும் இல்லையா? உலகத்தை மட்டும் ஒருத்தர் படைக்காமலா இருப்பார்?’’ என்போம். அதற்கும் மசியாவிட்டால், ‘‘இல்லேன்னு நீ நிரூபி!’’ அப்புறம் இரண்டு நாளைக்கு வீட்டில் பேச்சு இருக்காது.

இந்தப் பானை வாதம் ரொம்பப் பழசு. நியாய சாஸ்திரத்தில் கரை கண்ட உதயனர், ஈசுவரன் உண்டு என்று ஸ்தாபிக்க ‘நியாய குஸுமாஞ்ஜலி’ என்று தனி நூலே செய்தார். ஆனால் நம் உடையவர் இந்த வாதத்தை ஏற்கவில்லை! பிரம்ம சூத்திரத்தின் மூன்றாவது சூத்திரத்துக்கு ஸ்ரீபாஷ்யத்தில் உரை செய்யும்போது அதை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போடுகிறார்.

பூமி, மலை, கடல் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் ஒருவரே படைத்தார் என்பதை யூகத்தால் எப்படிச் சொல்வது? பலர் பல காலத்தில் செய்திருக்கலாமே? ஒரகடத்தில் டயர், ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி என்று பல ஆலைகளில் செய்ததெல்லாம் சேர்ந்துதானே ஒரு கார் ஆகிறது! இன்னொன்று: குயவனுக்குக் கையும் காலும் உண்டு. அவனை உதாரணம் காட்டினால் பகவானுக்கும் நம்மைப் போல் சரீரம், அதன் சுக துக்கம் எல்லாம் ஒட்டிக்கொள்ளாதா?

ஆகவே யூகத்தால் அவனை ஸ்தாபிக்க முடியாது, சாஸ்திரமே பிரமாணம் என்று முடிக்கிறார்.

சரி, நிரூபிக்கும் பாரம் யாருக்கு? நியாய சாஸ்திர மரபில், ஒன்றை அடித்துச் சொல்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். ‘உண்டு’ என்று நாம் சொன்னால் பாரம் நமக்கு. அதை ‘இல்லேன்னு நிரூபி’ என்று பிள்ளை தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் ‘இல்லவே இல்லை’ என்று அவன் சாதித்தால் அவனுக்கும் பாரம் உண்டு. தன் கட்சி எதுவும் சொல்லாமல் எதிராளியை மறுத்துக்கொண்டே இருப்பதற்கு ‘விதண்டை’ என்று பெயர். (விதண்டாவாதம் என்று நாம் திட்டுகிறோமே, அது இதுதான்!)

‘‘கண்ணுக்குத் தெரியலையே’’ என்பதும் போதாது. பார்க்கக்கூடிய பொருளாக இருந்தால்தான் காணாததை வைத்து இல்லை எனலாம். இது உதயனர் சொல்வது. மேஜை மேல் சாவி இல்லை என்று பார்த்தே சொல்லிவிடலாம். ரசத்தில் உப்பு இல்லை என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

‘‘சாஸ்திரத்தை நான் ஏன் நம்பணும்?’’ என்று அடுத்து கேட்பான். அதட்டாதீர்கள். வேதத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய மீமாம்ஸகரான குமாரிலரே, உலகைப் படைத்த ஈசுவரன் ஒருவன் உண்டு என்பதை மறுத்தவர். அப்படிப்பட்டவர்களோடெல்லாம் நம் ஆசாரியர்கள் உட்கார்ந்து வாதம் செய்திருக்கிறார்கள், கதவைச் சாத்தவில்லை.

அடுத்த முறை அவன் கேட்டால், ‘‘யூகம் பண்ணி நிரூபிக்க முடியாதுன்னு ராமாநுஜரே சொல்லிட்டார்டா’’ என்று ஆரம்பித்துப் பாருங்கள். ‘‘அப்படியா சொன்னார்?’’ என்று அவனே பக்கத்தில் வந்து உட்காருவான்.