முதல் கிக் யாருக்கு?

அன்புள்ள தம்பிக்கு,

ஆன்லைன் விளையாட்டின் டன்ஜனில் குழு மொத்தமாக விழுந்தால் எல்லாரும் முதலில் பார்ப்பது டேமேஜ் மீட்டரைத்தான். யார் குறைவாக அடித்தார், யாருடைய ஆயுதம் பழசு என்று விசாரணை நடக்கும். அது பெரும்பாலும் தப்பான ஆளைத்தான் பிடிக்கிறது. ஒரு கிளாஸுக்கு, அதாவது நாம் எடுக்கும் பாத்திர வகைக்கு, கிடைக்கும் திறன்களில் பல, அடிப்பதற்கானவை அல்ல. எதிரி செய்யப்போவதை முறிப்பதற்கானவை. அவற்றை யார், எந்த நேரத்தில் எடுப்பது என்று பேசி வைக்காததால்தான் குழுக்கள் சாய்கின்றன. சென்னையின் தாம்பரத்திலும் சேலையூரிலும் இருந்து ஆடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கிளாஸ் என்ற ஏற்பாடு பிறந்ததே வேலையைப் பிரித்துக்கொள்ளத்தான். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் மூன்றே கிளாஸ்கள்: வீரன், மந்திரவாதி, கிளெரிக். எழுந்து நடக்கும் பிணங்களை விரட்டும் சக்தி கிளெரிக்குக்கு மட்டுமே இருந்தது. அடுத்த ஆண்டு, பூட்டைத் திறக்கவும் பொறியைச் செயலிழக்க வைக்கவும் திருடன் வந்து சேர்ந்தான். ஒரே ஆளால் எல்லாவற்றையும் சமாளிக்க முடியாத இடமாகத்தான் டன்ஜன் தொடக்கத்திலேயே வகுக்கப்பட்டது. 2004-இல் வெளியான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டும் அந்த வழியில்தான் போனது. மேஜ் சாபத்தை நீக்குவான், விஷத்தில் அவன் கை செல்லாது. பாலடின் விஷத்தையும் நோயையும் நீக்குவான், சாபத்துக்கு அவனிடம் மருந்து இல்லை.

வார்கிராஃப்டின் ஸ்கார்லெட் மொனாஸ்டரி டன்ஜனில் உள்ள கதீட்ரலை எடுத்துக்கொள். 2019-இல் வந்த கிளாசிக் பதிப்பில் அது பழையபடியே இருக்கிறது. மோக்ரெய்ன் என்ற தளபதி விழுந்ததும் ஒயிட்மேன் என்ற பெண் வெளியே வருவாள். அவள் உயிர் பாதியாகக் குறைந்ததும் உங்கள் ஐந்து பேரையும் தூங்கவைத்துவிட்டுச் செத்தவனை எழுப்புவாள். அதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் அதன்பின் அவள் ஹீல் போடத் தொடங்குவாள், அதைத் தடுக்கலாம். அவள் போர்த்திக்கொள்ளும் கேடயத்தைப் பிரீஸ்ட்டின் டிஸ்பெல் கழற்றிவிடும். இந்த இரண்டையும் கோட்டைவிட்ட குழு, எவ்வளவு அடித்தாலும் அடித்ததில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. இன்றைய பதிப்பில் மந்திரத்தைத் தடுக்கும் திறன்களான ரோக்கின் கிக், டெத் நைட்டின் மைண்ட் ஃப்ரீஸ் இரண்டும் 15 வினாடிக்கு ஒருமுறைதான் கிடைக்கும். இருவரும் மாறி மாறி எடுத்தால் ஏழெட்டு வினாடிக்கு ஒரு தடுப்பு தயார். இருவரும் ஒரே மந்திரத்தின் மேல் பாய்ந்தால் ஒன்று வீண். அடுத்த 15 வினாடிக்கு அந்த இருவரிடமும் ஒன்றும் இல்லை. திறமையும் ஆயுதமும் அதே, ஆட்களும் அதே. முறை வைத்துக்கொண்டதா இல்லையா என்பது மட்டும்தான் வித்தியாசம்.

லெவலும் கியரும் ஏறிவிட்டால் இதெல்லாம் எதற்கு என்று கேட்பாய். பழைய டன்ஜன்களுக்கு அது சரிதான், உயர்ந்த லெவல்காரன் தனியாளாகவே அவற்றை முடித்துவிடுவான். ஆனால் 2016-இல் லீஜன் விரிவாக்கத்தோடு வந்த மித்திக் கீஸ்டோன் என்ற எண்ணிட்ட சாவி முறை அந்த வழியை அடைத்துவிட்டது. சாவியின் எண் ஏற ஏற எதிரிகளின் உயிரும் அடியும் கூடும். உன் கியருக்கு ஒரு எல்லை உண்டு, சாவியின் எண் அதைத் தாண்டியும் ஏறும். ஒவ்வொரு சாவுக்கும் கெடு நேரத்திலிருந்தும் கொஞ்சம் கழியும். அங்கே பிளட்லஸ்ட் மாதிரியான திறனின் அருமை தெரியும். 40 வினாடிக்கு முழுக் குழுவுக்கும் 30 சதவீத வேகம் தரும், பிறகு 10 நிமிடம் யாருக்கும் கிடைக்காது. கடைசி ஓவருக்கென்று நல்ல பவுலரை நிறுத்திவைக்கும் கேப்டனைப் போல அதை எந்த பாஸுக்கு வைப்பது என்று முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

நம் பக்கத்துப் பையன்கள் சொல்லும் தடை வேறு: "பிங் அதிகம், கிக் அடிக்கவே முடியல." இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வார்கிராஃப்டுக்கு இந்தியாவில் சர்வர் இல்லை. ஓஷியானிக் சர்வர்கள் 2014 முதல் சிட்னியில் இருக்கின்றன. சென்னையிலிருந்து அங்கே நேர்க்கோட்டில் சுமார் 9,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்த் திரும்ப 90 மில்லி வினாடி, எந்த பிராட்பேண்ட் பிளான் போட்டாலும் குறையாது. கேபிள் வளைந்து போவதால் நிஜத்தில் இன்னும் கூடும். உன் பிங் 200 மில்லி வினாடி என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு வினாடி மந்திரத்தில் அது பத்தில் ஒரு பங்கு. கடைசி நொடிவரை காத்திருந்து ஸ்டைலாகத் தடுப்பதுதான் உனக்குக் கட்டுப்படியாகாது; மந்திரம் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் காஸ்ட் பாரின் முதல் பாதியிலேயே தட்டிவிடு. முறை முன்பே பேசியிருந்தால்தான் அப்படித் தயங்காமல் தட்ட முடியும். கை வேகத்தை நம்பாத திறன்களிலும் தேர்ச்சி பெறு: சண்டைக்கு முன்பே எதிரி ஒருவனை மந்திரத்தால் ஆடாக்கி ஒதுக்குவது, சாபத்தை நீக்குவது, பெரிய அடி வரும் என்று தெரிந்து முன்கூட்டியே தற்காப்பைப் போடுவது. இன்னொன்று: ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போகும் தெருவில் இருந்தால் மோடத்தை இன்வெர்ட்டரில் போடு, அந்த மாதங்களில் எதிரியின் அடியைத் தாங்கும் டேங்க் பொறுப்பை வேறு யாரிடமாவது கொடு. டேங்க் பாதியில் துண்டிக்கப்பட்டால் மற்ற நால்வருக்கும் அதோடு முடிந்தது.

இவ்வளவு திட்டம் போட்டால் விளையாட்டின் சுவை போய்விடாதா என்பது நியாயமான கேள்வி. 2005-இல் பரவிய லீராய் ஜென்கின்ஸ் என்ற வார்கிராஃப்ட் வீடியோவில் குழு சதவீதக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒருவன் தன் பெயரைக் கத்திக்கொண்டு பாய்வான், எல்லாரும் சாவார்கள். அது ஜோடித்து எடுத்த காட்சி. அது கேலி செய்வது நீட்டி முழக்கும் பேச்சை. அதில் நியாயம் உண்டு. நான் கேட்பது அரை நிமிடப் பேச்சு: முதல் கிக் யாருக்கு, இரண்டாவது யாருக்கு, பிளட்லஸ்ட் எந்த பாஸுக்கு, சாபத்தை யார் பார்த்துக்கொள்வது. முன்பின் தெரியாத ஆட்களோடு சேர்ந்தாலும் சாட்டில் ஒரே வரியில் இதை எழுதிவிடலாம். பதில் வராவிட்டால் முதல் கிக் உன்னுடையது என்று அறிவித்துவிட்டுக் கதவுக்குள் போ.

அன்புடன்,
உன் அண்ணன்