ஓடையின் குறுக்கே தொங்கு வேலி

காங்கேயம் பகுதியின் கொறங்காடுகளை அறியாத குடியானவர் கொங்கு நாட்டில் இரார். கொழுக்கட்டைப் புல்லும் இடையிடையே வெள்வேல் மரங்களும் வளர்ந்த அம்மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி முள் கிளுவை உயிர்வேலி அமைந்திருக்கும். காவலின்றியே மாடுகளும் ஆடுகளும் அதனுள் மேயும். ஆயினும், எத்துணை நல்ல வேலிக்கும் ஓரிடத்தில் சோதனை உண்டு. நிலத்தை ஓடை ஊடறுத்துச் செல்லும் இடமே அது.

ஆண்டின் பெரும்பகுதி ஓடை வறண்டு கிடக்கிறது. அப்பொழுது அது கால்நடைகளுக்குத் திறந்த வாயிலாகிறது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலோ, ஓரிரவு மழையில் வெள்ளம் பெருகிவிடும். மறுநாட் காலையில் வேலியைக் காணோம். மாடுகள் அயலார் சோளக்காட்டில் நிற்கின்றன. வழக்கு ஊராட்சி மன்றத்திற்கு வந்து சேருகிறது.

வேலி அறுபடுவது ஏன்?

எல்லை வேலியின் கம்பியையே ஓடையின் குறுக்கே இழுத்து, நடுவில் தூண்களை ஊன்றுவது பலரது வழக்கம். வெள்ளத்தில் வரும் முள்ளும் தழையும் கம்பியில் சிக்க, வேலியே அணையாக மாறிவிடுகிறது. நீரின் வேகம் இரு மடங்கானால், அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். கம்பி அறும்போது கரையிலுள்ள தூண்களையும் சாய்த்துவிடுகிறது. அறாவிடினும் தீமையே: நீர் பக்கவாட்டில் திரும்பிக் கரையை அரிக்கும், மேல்நிலத்தாரின் பயிரையும் மூழ்கடிக்கும். ஆகவே, வெள்ளத்தை எதிர்க்காமல் அதற்கு வழிவிடும் வேலியே இங்கு வேண்டுவது.

அமைக்கும் முறை

1. ஓடை குறுகி, நேராகச் செல்லும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வளைவில் கரை அரிப்பு மிகுதி.

2. வெள்ளம் ஏறிய தடத்திற்கு மேலே, இரு கரைகளிலும் உறுதியான கல்தூண்களை ஆழமாக ஊன்றி, முட்டுக்கல் கொடுக்க வேண்டும். எல்லை வேலி அத்தூண்களோடு முடிந்துவிட வேண்டும்.

3. தூண்களுக்கிடையே, வெள்ள மட்டத்திற்கு மேலாக எஃகு வடம் ஒன்றை இழுத்துக் கட்ட வேண்டும்.

4. வடத்திலிருந்து மூங்கில் அல்லது சவுக்குக் கழிகளைத் தனித்தனியே தொங்கவிட வேண்டும். கழியின் அடிமுனை படுகையைத் தொடாது, சற்றே மேலே நிற்கட்டும். ஆட்டுக்குட்டிகள் உள்ள பட்டிக்குக் கழிகளின் இடைவெளி நான்கு அங்குலத்திற்கு மிகலாகாது.

வறண்ட காலத்தில் இக்கழிகள் தம் எடையால் நேராக நின்று கால்நடைகளைத் தடுக்கும். வெள்ளம் வரும்போது மேலெழுந்து குப்பை கூளங்களுக்கு வழிவிடும்; வடிந்தபின் மீண்டும் தாழும். பெருவெள்ளத்தில் ஒரு சில கழிகள் போகலாம். முழு வேலியும் போகாது. முள்கம்பியை மட்டும் ஓடையின் குறுக்கே பயன்படுத்தலாகாது. தழையைப் பற்றி நிறுத்துவதில் அதற்கு இணை வேறில்லை.

ஒவ்வொரு வெள்ளத்திற்குப் பின்னும் சிக்கிய தழையை அகற்றுவதும், பருவமழைக்கு முன் வடத்தையும் கட்டுகளையும் சோதிப்பதும் உடையவர் கடமை.

ஊராட்சி உறுப்பினர்கள் ஒன்றை நினைவூட்ட வேண்டும். ஓடை புறம்போக்காயின், வருவாய்த்துறையின் அனுமதியின்றி அதில் எதையும் அமைக்கலாகாது. ஓடை நீர் மேல்நிலத்தாருக்கும் கீழ்நிலத்தாருக்கும் பொது. அதன் போக்கைத் தடுக்காது தம் கால்நடையைக் காப்பவரே நல்ல அயலார்.