மழையில் குறுவை அறுவடையும் தாளடித் திட்டமும்

குறுவை நெல் முற்றும் காலமும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலமும் நம் மாவட்டத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேருகின்றன. திருப்பாதிரிப்புலியூருக்குத் தெற்கே குறிஞ்சிப்பாடி, புவனகிரி, சிதம்பரம், குமராட்சி, காட்டுமன்னார்கோயில் வட்டாரங்களில் புரட்டாசியிலும் ஐப்பசித் தொடக்கத்திலும் அறுவடை நடைபெறுகிறது. பருவமழையோ சராசரியாக அக்டோபர் 20-ஆம் தேதியை ஒட்டித் தொடங்குகிறது. அதற்கு முன்பே இடிமழை பெய்வதும் உண்டு. மழையினால் அறுவடை பத்து நாள் தள்ளிப்போனால் குறுவை மட்டும் கெடுவதில்லை; அதே வயலில் வரவேண்டிய தாளடியும் பத்து நாள் பின்தங்குகிறது. ஆகவே இவ்விரண்டு போகங்களையும் ஒரே கணக்காகப் பார்க்கவேண்டியது அவசியமாகும்.

அறுவடை

கதிரில் ஐந்தில் நான்கு பங்கு மணிகள் பொன்னிறம் அடைந்ததும் பயிர் அறுவடைக்குத் தயாராகிவிட்டது என்று கொள்ளலாம். அதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் முன்னதாகவே வயலின் நீரை வடித்துவிட வேண்டும். குறுகிய வயதுடைய குறுவை ரகங்கள் பலவற்றிற்கு விதை உறக்கம் குறைவு. எனவே சாய்ந்த கதிர் நீரில் கிடந்தால் சில நாட்களிலேயே முளைவிட்டுவிடும். சாய்ந்த பயிரையும் தாழ்வான வயலையும் முதலில் அறுக்கவேண்டும். நிமிர்ந்து நிற்கும் பயிர் இரண்டு நாள் பொறுக்கும். சேறான நிலத்தில் டயர் வண்டி புதையும். ஆகையால் பெல்ட் வகை அறுவடை இயந்திரத்தையே அமர்த்துதல் நலம்.

உலர்த்துதல்

மழையில் அறுத்த நெல்லைக் குவித்து வைத்தால் ஓரிரு நாளில் சூடேறி மணி பழுக்கும். அரிசியும் நிறம் மாறும். களத்தில் இரண்டு அங்குல உயரத்திற்கு மேற்படாமல் பரப்பி, அரைமணிக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். வெயில் இல்லாத நாளிலும் கூரைக்கடியில் மெல்லப் பரப்பிக் காற்றுப்படச் செய்தால் நெல் சூடேறாமல் தப்பும்.

நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஏற்கப்படும் ஈரப்பதத்தின் வழக்கமான வரம்பு 17 சதவீதம். 2022 அக்டோபரில் மழையை முன்னிட்டு மத்திய அரசு அதனை 19 சதவீதமாகத் தளர்த்தியது. ஆனால் தளர்வு வரும் என்று நம்பி நெல்லைக் காயவைக்காமல் இருப்பது தவறு. 24 சதவீத ஈரமுள்ள 1,000 கிலோ நெல் 17 சதவீதமாகக் காயும்போது சுமார் 84 கிலோ எடை குறையும். குறைவது நீரேயன்றி நெல் அன்று. சேமித்து வைக்கும் நெல்லை 14 சதவீதம் வரையிலும், விதை நெல்லை 13 சதவீதம் வரையிலும் உலர்த்தவேண்டும்.

ஈரநெல்லின் தொல்லை புதியதன்று. குறுகிய வயது ரகங்கள் பரவத் தொடங்கிய காலத்தில், 1967-இல், திருவாரூரில் நெல் பதன ஆராய்ச்சி மையம் தோன்றியது. அதுவே பின்னர் வளர்ந்து தஞ்சாவூரில் தேசிய அளவிலான உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக விளங்குகிறது.

தாளடிக்கு நாள் எண்ணுதல்

வயல் காலியான பிறகு நாற்று விடலாம் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு மாதம் வீணாகிறது. குறுவை வயலில் நிற்கும்போதே, மேட்டுப்பாங்கான இடத்தில், ஏக்கருக்கு 8 சென்ட் வீதம் நாற்றங்கால் அமைத்துவிட வேண்டும். மத்திய கால ரகமாயின் ஏக்கருக்கு 16 கிலோ விதை போதுமானது. 25 முதல் 30 நாள் நாற்று நடவுக்கு ஏற்றது.

ரகத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு நாட்காட்டியைப் பின்னிருந்து எண்ணவேண்டும். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-ஆம் தேதி மூடப்படுகிறது. செப்டம்பர் 15-ஆம் தேதி விதைத்த 135 நாள் ரகமான ஆடுதுறை 46 அதே ஜனவரி 28-ஐ ஒட்டி அறுவடைக்கு வரும். அது பூப்பதும் பெருமழை ஓய்ந்த டிசம்பர் இறுதியிலாகும். அன்றே விதைத்த 155 நாள் ரகமோ பிப்ரவரி 17 வரை வயலில் நிற்கும். கடைமடைக்குத் தண்ணீர் கிட்டாத நாளில் பால்பிடிக்கும். அக்டோபர் தொடங்கிய பின்னரே விதைக்க நேர்ந்தால், 120 முதல் 125 நாள் வயதுடைய ஆடுதுறை 39 போன்ற ரகத்தை நாடுதல் பொருத்தமாகும்.

அறுவடை தாமதித்து நாற்று முதிர்ந்துவிட்டால், குத்துக்கு ஓரிரு நாற்றுக் கூட்டி, சற்று நெருக்கி நடலாம். குறுவைத் தாளை மடக்கி உழுதபின் ஒரு வாரமாவது மட்கவிட வேண்டும். உடனே நட்டால் இளம்பயிர் மஞ்சளிக்கும். நாற்று இல்லாதவர்கள் முளைகட்டிய விதையைச் சேற்றில் உருளை விதைப்பான் கொண்டு நேரடியாக விதைக்கலாம். ஆனால் நீர் வடியும் வயலுக்கே அது ஏற்றது. தேங்கும் பள்ளத்தில் விதை அழுகிவிடும்.

பஞ்சாயத்தின் பங்கு

இவை யாவும் தனி ஒருவரால் ஆகக்கூடியவை அல்ல. மேல்வயலுக்காரர் வடிக்கும் நீர் கீழ்வயலில் தேங்குமாயின் ஒருவர் தப்பி மற்றவர் கெடுவார். ஆகவே பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஆவணியிலேயே கூடி, வடிகால்களைத் தூர்வாருதல், களங்களைச் செப்பனிடுதல், தார்ப்பாய்களைத் திரட்டி வைத்தல், தாழ்ந்த வயலுக்கு முதலிடம் தந்து இயந்திர முறைப்பட்டியல் வகுத்தல் ஆகிய நான்கையும் தீர்மானிக்கலாம். இயந்திர வாடகைக்கு வேளாண்மைப் பொறியியல் துறையையும், ரகம் பற்றிய ஆலோசனைக்கு விருத்தாசலம் வேளாண்மை அறிவியல் நிலையத்தையும் நாடலாம்.

2015 நவம்பர் வெள்ளத்தையும் 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் தென்பெண்ணை பெருகியதையும் கண்டவர்கள் நாம். மழையை நிறுத்த நம்மால் இயலாது. ஆனால் மழை வருமுன் வடிகால் திறந்திருப்பதும், நாற்று தயாராக இருப்பதும் நம் கையில் உள்ளன. அவற்றை ஒவ்வொரு கிராமமும் இவ்வாண்டே கைக்கொள்ளுமாக!