குறைந்த செலவில் நிறைந்த உணவு

ஊரைவிட்டு வந்து பயிலும் நம்மைத் தாயார் தொலைபேசியில் அழைத்தால் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே. "சாப்டியா அம்மணி?" என்பார் என் தாயார். "ஆச்சுங்கம்மா" என்பேன் நான். முதலாண்டில் பல நாட்கள் அந்த விடை பொய்யாகவே இருந்தது.

விசைத்தறியில் உழைக்கும் தந்தையார் அனுப்பும் தொகையில் அறை வாடகை போக என் கையில் நின்றது மாதம் 2,400 ரூபாய். அஃதாவது நாளொன்றுக்கு 80 ரூபாய். விடுதியில் இடம் கிட்டவில்லை. காலையில் தேநீரும் ரொட்டித் துண்டும், பகலில் சமோசா, இரவில் பொட்டல நூடுல்ஸ் என்று நாட்களை ஓட்டினேன். சிக்கனமாக வாழ்கிறோம் என்ற பெருமிதமும் எனக்கு இருந்தது. ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில் தரம் பார்த்துக்கொண்டிருந்தபோது பியூரெட்டைப் பிடித்த கை நடுங்கிற்று, கண்கள் இருண்டன. இரத்தத்தைச் சோதித்த மருத்துவர் ஹீமோகுளோபின் 9.4 என்றார். 12க்குக் குறையலாகாது. "அன்றாடம் என்ன உண்கிறாய்?" என்று அவர் வினவியபோது என்னால் விடை சொல்ல முடியவில்லை. உப்பை நான்காம் தசமம்வரை நிறுத்துப் பழகியவள், நான் உண்ட பருப்பின் எடையை ஒரு நாளும் அறிந்தேனில்லை!

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் பெரியோர் மொழி. வயிற்றிலே போடுவதையும் அளந்து போடவேண்டும் என்று அன்று உணர்ந்தேன். அதன்பின் நான் கற்றதைப் புதிதாய் வந்துள்ள தம்பி தங்கையர்க்கு ஒரு பாடமாக இங்கே எழுதுகிறேன்.

1. மலிவு என்பது யாது?

விலை குறைந்த பொருள் மலிவான பொருள் ஆகிவிடாது. கொடுத்த காசுக்கு உடல் பெறுவது எவ்வளவு என்பதே கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வகுத்த அளவின்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளும் 0.83 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ எடையுள்ள எனக்கு ஏறத்தாழ 46 கிராம்.

இனி, பத்து ரூபாயை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவோம். 2025 சனவரியில் நாங்கள் வாங்கிய விலைப்படி, பத்து ரூபாய்க்கு ரொட்டி வாங்கினால் ஏழெட்டுக் கிராம் புரதம் கிடைத்தது. முட்டையில் ஒன்பது கிராம் அளவில் கிடைத்தது. நிலக்கடலையில் பதினாறு கிராம். கறுப்புக் கொண்டைக்கடலையிலோ இருபது கிராம்! நம் ஊரில் மீல்மேக்கர் என்று வழங்கும் சோயா உருண்டை இவை எல்லாவற்றையும் விஞ்சும். அதில் ஏறத்தாழப் பாதி புரதமே. பிகார்த் தோழியர் விரும்பி உண்ணும் வறுத்த கடலைமாவுக்குப் பெயரே 'சத்து'; அதை மோரில் கரைத்து உப்பும் வெங்காயமும் சேர்த்தால் அடுப்பே வேண்டாத காலையுணவு ஆயிற்று.

2. தானியத்திற்குத் துணை வேண்டும்

அரிசியும் கோதுமையும் தரும் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பு வகையில் லைசின் மிகுதி. ஆனால் மெத்தியோனின் குறைவு. இரண்டும் ஒரே நாளில் வயிற்றில் கூடினால் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். நம் பாட்டிமார் அடைக்கு அரைத்ததும், வடநாட்டார் கிச்சடி கிண்டியதும் இந்த உறவையே.

இதில் தமிழர் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1918இல் நம் குன்னூரில் இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் ஒரு சிறு ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். பிற்காலத்தில் அவர் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். முழுக் கோதுமை, பருப்பு, பால், காய்கறி அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் செழித்து வளர்ந்தன. அரிசியே பெரும்பகுதியாய் அமைந்த சென்னை மாகாண உணவை உண்டவை கடைசி வரிசையில் நின்றன. குன்னூர் ஆய்வுக்கூடமே 1958இல் ஐதராபாத்திற்கு இடம்பெயர்ந்து, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று.

சோற்றைக் கைவிடுக என்பது இதன் பொருளன்று. தட்டு நிறையச் சோறும் தொட்டுக்கொள்ள ஊறுகாயும் வைத்துக்கொண்டு பசியாறியதாக எண்ணாதீர் என்பதே பொருள்.

3. இந்த ஊர் விளைவதை வாங்குக

முதலாண்டில் நான் செய்த பெரும் பிழை, தில்லியில் நம்மூரைத் தேடியது. சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் இட்லி அரிசியும் தேடித் தொலைதூரம் பேருந்தில் போவேன். இரண்டு நாள் உணவுச் செலவு அங்கேயே கரைந்துவிடும். வாங்கி வந்து அரைத்த மாவும் இங்குள்ள குளிரில் புளிக்காது கிடக்கும்.

நாம் இங்கே கொண்டுவர வேண்டியது நம் கைப்பக்குவம். சரக்கு இவ்வூருடையதாய் இருக்கட்டும். குளிர்காலத்தில் முள்ளங்கி, காலிபிளவர், காரட், பசலை, வெந்தயக்கீரை யாவும் இங்கே குவியும். முள்ளங்கி வாங்கினால் கீரை இலவசம். அந்த இலையையும், பலர் ஒடித்தெறியும் காலிபிளவர்த் தண்டையும் நாங்கள் வீணாக்குவதில்லை. சந்தையில் 'பத்துவா' என்று கூவி விற்கும் கீரையைப் பலநாள் கண்டும் காணாமற் போனேன். எங்கள் அறையில் வாழும் தஞ்சைத் தோழி ஒரு நாள் அதைக் கையில் எடுத்து, "இது நம்ம சக்கரவர்த்திக் கீரை அல்லவா!" என்று வியந்தாள். அன்றிரவே பாசிப்பருப்புடன் வேகவைத்துக் கடைந்து, காய்ந்த மிளகாயும் பூண்டும் தாளித்தோம்.

கோடையில் சுரையும் பீர்க்கும் வரும். அவற்றோடு கூட்டுக்குக் கடலைப்பருப்பு போதும். புளித்த தயிரும் கடலைமாவும் சேர்ந்த இவ்வூர்க் 'கடி', நம் மோர்க்குழம்பின் ஒன்றுவிட்ட தங்கையே. தேங்காய் இல்லையே என்று ஏங்கவேண்டாம். வறுத்த நிலக்கடலையைப் பொடித்துத் தூவினால் பொரியல் சுவைக்கும்.

வாரச் சந்தைக்கு இரவு எட்டு மணிக்குமேல் செல்க. கடை கட்டும் நேரத்தில் விலை தானே இறங்கும். ஆனால் மூன்று நாளுக்கு மேற்பட்ட காய் வாங்கற்க. அழுகிய காய்போல் விலையுயர்ந்த காய் வேறில்லை.

4. அடுப்பில் எரியும் காசு

எரிவாயுவும் காசுதான். திறந்த பாத்திரத்தில் நீர் கொதிக்கத் தொடங்கியபின் தீயை எத்துணை பெருக்கினாலும் வெப்பநிலை 100 பாகையைத் தாண்டாது. வீணே ஆவிதான் பெருகும். குக்கரில் அழுத்தம் மிகுவதால் கொதிநிலை ஏறத்தாழ 120 பாகைக்கு உயர்கிறது; பருப்பு விரைந்து வேகிறது. முதல் விசில் வந்ததும் தீயைத் தணித்துவிடுக. அடுப்பை அணைத்தபின்னும் உள்ளிருக்கும் சூடு சற்று நேரம் வேலை செய்யும்; ஆவியை அவசரப்பட்டு வெளியேற்றாதீர். அடியில் பருப்பு, மேலடுக்கில் அரிசி என்று வைத்தால் ஒரே தீயில் இரண்டும் ஆகும்.

கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்தல் வேண்டும். கடின நீரில் அது எளிதில் வேகாது. அதற்கென்று சோடா மாவை அள்ளிப் போட்டால் கடலை குழையும். ஆனால் தயாமின் என்னும் வைட்டமின் அழிந்துபோகும். கீரை வெந்த நீரைக் கொட்டுவதும் காசைக் கொட்டுவதே. பாசிப்பயற்றை முளைகட்டினால், உலர்ந்த பயற்றில் இல்லாத வைட்டமின் சி தோன்றும். அதன்மேல் எலுமிச்சை பிழிந்தால் பயற்றிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்கும். உணவோடு தேநீர் அருந்தினாலோ அந்த இரும்பு நமக்குக் குறைவாகவே கிட்டும். எனக்கு நேர்ந்த கேட்டில் பாதி அந்தத் தேநீரால் வந்ததென்றே எண்ணுகிறேன்.

5. ஒரு நாளின் கணக்கு

காலை: அடை. அரிசி 60 கிராம். கடலைப்பருப்பும் பாசிப்பருப்பும் சேர்ந்து 40 கிராம். இரண்டு மணி நேரம் ஊறவைத்து, மிளகாய், சீரகம், உப்புடன் கொரகொரப்பாக அரைத்துப் பொடியாய் நறுக்கிய கீரையைக் கலக்க. மாவு புளிக்கவேண்டியதில்லை, ஆதலின் குளிரைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை.

பகல்: 120 கிராம் ஆட்டாவில் நான்கு சப்பாத்தி; 30 கிராம் பருப்பிட்ட கீரைக் கடைசல். டப்பாவில் அடைத்து ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுபோகலாம்.

மாலை: வறுத்த நிலக்கடலை 25 கிராம்.

இரவு: அரிசி 100 கிராம், 40 கிராம் கொண்டைக்கடலையிட்ட புளிக்குழம்பு, ஒரு காய்.

இவற்றோடு, நாள் முழுமைக்கும் 200 மில்லி பால். பாதியைத் தயிராக்கலாம்.

இதில் கிடைக்கும் புரதம் 55 கிராமுக்குக் குறையாது. எண்ணெய், மசாலை, எரிவாயு உட்பட, அந்தச் சனவரியில் எங்கள் மூவர்க்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு 75 ரூபாய் ஆயிற்று. எஞ்சிய ஐந்து ரூபாய் மாதக் கடைசியில் ஒரு நாள் முட்டைக் குழம்பாயிற்று.

'மூவர்க்கும்' என்றேன்; இந்தச் சொல்லே பாடத்தின் உயிர். ஒருவர் தனியே சமைத்தால் இந்தக் கணக்கு நில்லாது. ஒரு குக்கர், ஒரு தாளிப்பு, ஒரே தீ, உண்பவர் மூவர் என்றால் செலவு குறையும், வேலையும் குறையும். தேர்வு நாட்களில் ஒருத்தி படிக்க மற்றவர் சமைக்கலாம்.

மருத்துவர் தந்த இரும்பு மாத்திரைகளும் இந்த உணவுமாக, ஐந்து மாதத்தில் என் அளவு 11.9 ஆயிற்று. கை நடுக்கம் நின்றது. ஆனால் நான் சொல்ல விரும்புவது வேறொன்று. அந்த ஓராண்டில் என்னை வருத்தியது பசியைவிட, பசியை மறைக்க நான் பட்ட பாடே. தோழியர் உணவகத்திற்கு அழைத்தால் தலைவலி என்பேன். நூலகத்தில் வேலை என்பேன். அவர்களுள் இருவர் என்னைப் போன்றே கணக்குப் பார்த்து வாழ்ந்தவர்கள் என்பது, நான் மயங்கி விழ இருந்த நாளுக்குப் பின்பே தெரிந்தது. முன்னமே வாய் திறந்திருந்தால் மூவரும் ஓராண்டுக்கு முன்பே ஓர் அடுப்பை மூட்டியிருப்போம்.

ஆதலின், இவ்வாண்டு புதிதாய் வந்திருக்கும் தம்பி தங்கையரே! கையில் காசு குறைவென்பது குற்றமன்று. அதைப் பக்கத்து அறையில் உள்ளவரிடம் இன்றே சொல்லுங்கள். ஒரு குக்கரும் ஒரு தோசைக்கல்லும் கூட்டாக வாங்குங்கள். ஒரு தராசு இருந்தால் இன்னும் நன்று. அதுவரை, ஞாயிறு காலையில் எங்கள் அறையில் அடை உண்டு. வரும்போது ஒரு பிடி பருப்பு கொண்டுவந்தால் போதும்.