கடிக்கும் கிளிக்குஞ்சைப் பழக்கும் முறை

சென்ற ஜனவரி மாதம் கோத்தகிரி அருகே ஒரு சிற்றூரில் மண் பரிசோதனை பற்றிய கூட்டம் முடிந்ததும், ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் விவசாயி ஒருவர் தனியே வந்து நின்றார். வலது கட்டை விரலில் துணிக்கட்டு. “ஐயா, தேயிலைச் சந்தேகம் இல்லை. ஒரு கிளிச் சந்தேகம்” என்றார்.

ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளுக்காகக் கோவையிலிருந்து ஒரு காக்டெயில் கிளிக்குஞ்சு வாங்கி வந்திருக்கிறார். மூன்று வாரமாகத் தீனி வைக்கப் போகும் கையையெல்லாம் கடிக்கிறது. ஆசையாகக் கேட்ட பெண் இப்போது கூண்டின் பக்கமே போவதில்லை. “வீட்டில் சன்னலைத் திறந்து பறக்க விட்டுவிடு என்கிறார்கள். விட்டுவிடலாமா ஐயா?” என்று கேட்டார்.

விடக்கூடாது என்று சொன்னேன். காக்டெயில் ஆஸ்திரேலியப் பறவை. நம் கடைகளில் விற்பவை பல தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்தவை. வெளியே இரை தேட அவற்றுக்குத் தெரியாது. பருந்துக்கும் பூனைக்கும் தப்பத் தெரியாது. உறைபனி விழும் மாதத்தில் மலையில் பறக்க விடுவது அதைக் கொல்வதற்குச் சமம். கடிக்கும் குஞ்சைப் பழக்க வழி உண்டு. அதையே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

வேளாண்மைப் பக்கத்தில் கிளிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். உதைக்கும் கன்றுக்கும் கடிக்கும் நாய்க்குட்டிக்கும் இதே விதி பொருந்தும் என்பதைப் படித்து முடிக்கும்போது உணர்வீர்கள்.

முதலில், எந்தக் கிளி?

பழக்குவதற்கு முன், உங்களிடம் இருப்பது எந்தக் கிளி என்று பாருங்கள். கழுத்தில் வளையம் உள்ள பச்சைக்கிளி, செந்தலைக் கிளி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய நீலச்சிறகுக் கிளி ஆகியவை நம் நாட்டுக் காட்டுப் பறவைகள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி இவற்றைப் பிடிப்பதும், விற்பதும், கூண்டில் வளர்ப்பதும் குற்றம். சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. 2022-ல் இச்சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. 2024 ஏப்ரலில் கடலூர் மாவட்டத்தில், தேர்தல் வேட்பாளர் ஒருவருக்குச் சோதிடம் பார்த்தவரின் கூண்டுக் கிளிகளை வனத்துறையினர் பறிமுதல் செய்த செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள்.

தோட்டத்தில் மரக்கிளை வெட்டும்போது பொந்திலிருந்து காட்டுக் கிளிக்குஞ்சு விழுந்தால், பொந்து அப்படியே இருக்குமானால் அதிலேயே திரும்ப வைத்துவிடுங்கள். மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கிவிடும் என்பது தவறான நம்பிக்கை. மரமே சாய்ந்துவிட்டால், குஞ்சை ஓர் அட்டைப் பெட்டியில் துணி விரித்து வைத்து, உடனே அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். பொந்துள்ள மரத்தைக் குஞ்சு பறந்து போகும் வரை வெட்டாமல் விடுவது இன்னும் நல்லது.

வீட்டில் வளர்க்கத் தக்கவை காக்டெயில், நாம் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று சொல்லும் பட்ஜரிகர் போன்ற கூண்டில் பிறந்த அயல்நாட்டுப் பறவைகளே. சன் கொனூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்றவற்றை வைத்திருப்போர், 2024-ல் வந்த விதிகளின்படி அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

குஞ்சு ஏன் கடிக்கிறது?

கிளிக்கு அலகு என்பது மூன்றாவது கால். கொம்பில் ஏறும்போது முதலில் அலகால் பற்றிப் பார்த்து, உறுதியாக இருந்தால்தான் காலை வைக்கும். உங்கள் விரலையும் அப்படியே பற்றிப் பார்க்கும். இது கடி அன்று. இதற்கே பயந்து கையை இழுத்துவிட்டால், ‘இந்தக் கொம்பு நம்பத் தக்கதன்று’ என்று குஞ்சு கற்றுக்கொள்ளும்.

உண்மையான கடி அச்சத்தால் வருவது. கடையிலிருந்து பெட்டியில் அடைத்துக் கொண்டு வரப்பட்ட குஞ்சுக்கு எல்லாமே புதிது. மேலிருந்து கூண்டுக்குள் வரும் கை அதன் கண்ணுக்குப் பருந்தின் கால்தான். ஓட வழி இல்லாததால் கடிக்கிறது. கடித்ததும் கை போய்விடுகிறது. இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால், ‘கடித்தால் கை போகும்’ என்னும் பாடம் மனத்தில் பதிந்துவிடும். ஆகவே கடியைக் கற்பித்தது நம் கையே.

பசி, தூக்கக் குறைவு, நோய் ஆகியவற்றாலும் கடிக்கலாம். சாதுவாக இருந்த பறவை திடீரென்று கடித்தால், இறகை உப்பிக்கொண்டு ஓரமாக அமர்ந்தால், தீனி குறைந்தால், தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எச்சரிக்கைக் குறிகள்

எந்தக் கிளியும் சொல்லாமல் கடிப்பதில்லை. காக்டெயில் தன் கொண்டையைத் தலையோடு ஒட்டப் படுக்க வைக்கும். வாயைத் திறந்து ‘உஸ்’ என்று சீறும். உடலைப் பின்னுக்குச் சாய்க்கும். கொண்டை நேராக நிமிர்ந்து நின்றால் அது திடுக்கிட்டிருக்கிறது. கொண்டை சற்றே தளர்ந்து, இறகைக் கோதிக்கொண்டு, அலகை மெல்ல அரைத்துக்கொண்டிருந்தால் அமைதியாக உள்ளது.

சீறும்போதே நிறுத்தி, கையை மெதுவாக ஒரு சாண் பின்னுக்குக் கொண்டு வாருங்கள். சீறலுக்கே நாம் செவி சாய்த்தால் குஞ்சுக்குக் கடிக்கத் தேவை இராது. சீறுவதைப் பொருட்படுத்தாமல் கையை நீட்டினால், அடுத்த முறை சீறாமலே கடிக்கும்.

பழக்கும் முறை

முதல் வாரம்: கூண்டைச் சுவரை ஒட்டி, நம் மார்பு உயரத்தில், வீட்டார் நடமாடும் அறையில் வையுங்கள். சமையலறை ஆகாது. தீனியும் நீரும் மாற்றுவதற்குத் தவிர கையை உள்ளே விட வேண்டாம். கூண்டருகே அமர்ந்து தாழ்ந்த குரலில் பேசுங்கள். பிள்ளைகள் அங்கே அமர்ந்து பாடம் படிக்கலாம்.

இரண்டாம் வாரம்: தினைக் கதிர் ஒன்றைக் கம்பிக்கு வெளியிலிருந்து நீட்டிப் பிடியுங்கள். கை அசையக் கூடாது. முதல் நாள் வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். காலையில் தீனி வைப்பதற்குச் சற்று முன் செய்தால் விரைவில் வரும். இதற்காகப் பட்டினி போடுவது தவறு. சிறு பறவை பட்டினி தாங்காது.

மூன்றாம் வாரம்: கதவைத் திறந்து, ஒரு கையில் சிறு கொய்யாக் குச்சியும் மறு கையில் தினைக் கதிரும் பிடியுங்கள். குச்சி பறவையின் வயிற்றுக்குச் சற்றுக் கீழே, காலருகே இருக்கட்டும். குச்சியில் ஏறினால்தான் கதிர் எட்ட வேண்டும். ஏறும்போது ‘ஏறு’ என்று ஒரே சொல்லைச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் அதே சொல்லையே சொல்ல வேண்டும்.

நான்காம் வாரம்: குச்சியை நாளுக்கு நாள் குட்டையாகப் பிடித்து, பிறகு குச்சியின் இடத்தில் விரலை நீட்டுங்கள்.

ஒரு முறைக்கு 5 நிமிடம், நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று முறை போதும். நன்றாகச் செய்த தருணத்திலேயே நிறுத்திவிடுங்கள். வாரக் கணக்கு ஒரு வழிகாட்டியே. சில குஞ்சுகள் பத்து நாளில் ஏறும். சில இரண்டு மாதம் எடுக்கும். ஒரு படியில் அஞ்சினால், முந்தைய படிக்குத் திரும்பிச் செல்லுங்கள்.

கடித்துவிட்டால்

கையை உதறாதீர்கள், கத்தாதீர்கள். கத்துவது சில குஞ்சுகளுக்கு விளையாட்டாகவும் தோன்றும். பல்லைக் கடித்துக்கொண்டு கையை அசைக்காமல் வைத்து, விட்டதும் பறவையை அமைதியாகக் கொம்பில் அமர்த்தி, அரை நிமிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். பிறகு சுலபமான ஒரு படியைச் செய்ய வைத்துக் கதிர் கொடுத்து முடியுங்கள்.

அலகைச் சுண்டுவது, முகத்தில் ஊதுவது, துணி போட்டு அமுக்குவது கூடவே கூடாது. நான் சிறுவனாக இருந்தபோது பாட்டி வீட்டில் ஒரு பச்சைக்கிளி இருந்தது. அந்நாளில் பல வீடுகளில் அப்படி வைத்திருந்தார்கள். ஒரு முறை கடித்ததற்காக அதன் அலகைச் சுண்டினேன். பாட்டியின் கையில் பழம் தின்ற அந்தக் கிளி, அதன் பிறகு என் கையைக் கண்டால் கூண்டின் மூலைக்குப் போய்ச் சீறும். நான் கல்லூரிக்குப் போகும் வரை அது மாறவில்லை. சுண்டியது ஒரு நொடி. அதன் விலை பல ஆண்டுகள்.

தண்டனை இன்றிக் கிளி எவ்வளவு கற்கும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அறிவியலார் 1977-ல் கடையில் வாங்கிய ‘அலெக்ஸ்’ என்னும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, 2007-ல் இறக்கும் வரை பொருள்களின் பெயர், நிறம், வடிவம் ஆகியவற்றைக் கேட்டால் சொல்லும் அளவுக்குக் கற்றது. பொருளின் பெயரைச் சரியாகச் சொன்னால் அந்தப் பொருளே பரிசு. அதுதான் முறை.

கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவுங்கள். பறவைக் கடியால் வெறிநாய்க்கடி நோய் வராது. காயம் ஆழமாக இருந்தாலோ வீங்கினாலோ மருத்துவரிடம் செல்லுங்கள்.

நீலகிரியில் தனிக் கவனம்

1. குளிர்: இரவில் கூண்டின் மூன்று பக்கமும் தடித்த துணியால் மூடுங்கள். வாடைக் காற்று படக்கூடாது. 10 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை.

2. கரி நெருப்பு: குளிருக்காக மூடிய அறையில் கரிச்சட்டி வைக்கும் வழக்கம் மனிதர் உயிருக்கே ஆபத்து. பறவை அதற்கு முன்பே இறந்துவிடும். ஒட்டாத பூச்சுள்ள வாணலி அளவுக்கு மீறிச் சூடானால் எழும் புகையும் பறவையைக் கொல்லும்.

3. வெண்ணெய்ப்பழம்: நம் தோட்டங்களில் விளையும் பட்டர் ஃப்ரூட் பறவைகளுக்கு நஞ்சு. ஒரு துண்டும் கொடுக்க வேண்டாம். தேநீர், காப்பி, சாக்லேட், உப்புப் பண்டம் ஆகியவையும் ஆகா.

4. மருந்து தெளித்த இலை: கேரட், கீரை முதலியவற்றை நன்றாகக் கழுவிக் கொடுங்கள். மருந்து தெளித்த வயலிலிருந்து கொம்போ தழையோ எடுக்க வேண்டாம்.

அன்றாடத் தீனிக்குத் தினை, கம்பு, முளைகட்டிய பாசிப்பயறு, கொத்துமல்லித் தழை, முருங்கைக் கீரை, துருவிய கேரட் ஆகியவை ஏற்றவை. சுண்ணாம்புச் சத்துக்குக் கடல் நுரை ஒன்றைக் கூண்டில் கட்டுங்கள். சூரியகாந்தி விதையில் கொழுப்பு மிகுதி. பரிசாக ஒன்றிரண்டு போதும். காக்டெயிலுக்குக் கூண்டு 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரத்துக்குக் குறையக் கூடாது.

தானே தீனி கொத்தித் தின்னும் குஞ்சையே வாங்குங்கள். காக்டெயில் குஞ்சு இந்நிலைக்கு வர 8 முதல் 10 வாரம் ஆகும். அதற்கு முன் வாங்கி ஊசிக்குழலால் ஊட்டினால், கைப்பழக்கம் இல்லாதவரிடம் தீனி மூச்சுக்குழலில் இறங்கிக் குஞ்சு இறந்துவிடும்.

எச்சத்தைத் துடைக்கும்போது கூண்டின் அடித்தாளை நீர் தெளித்து நனைத்துவிட்டு எடுங்கள். காய்ந்த எச்சத் தூசியால் சிட்டகோசிஸ் என்னும் கிளிக்காய்ச்சல் மனிதருக்கு வரலாம். வீட்டில் யாருக்கேனும் காய்ச்சலும் இருமலும் நீடித்தால், பறவை வளர்ப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கோத்தகிரி விவசாயியை மார்ச் மாதம் மீண்டும் சந்தித்தேன். விரல் கட்டு இல்லை. “என்னிடம் இன்னும் சீறத்தான் செய்கிறது ஐயா. ஆனால் பாப்பா ‘ஏறு’ என்றால் ஏறுகிறது” என்றார். ஐந்து வாரமும் தினம் கதிர் பிடித்தது அந்தப் பெண்தான். அவர் தோட்ட வேலை அவசரத்தில், கையை விட்டுத் தண்ணீர்க் கிண்ணத்தை எடுப்பதோடு சரி. இனி அவரும் காலையில் 5 நிமிடம் கூண்டருகே அமர்வதாகச் சொன்னார்.

பொறுமைக்கு அந்த 5 நிமிடம் போதும். கையை நீட்டுமுன் குஞ்சு என்ன சொல்கிறது என்று பாருங்கள். கன்றானாலும் கிளியானாலும் பழக்கத்தின் முதல் பாடம் வளர்ப்பவருக்கே.