டூசான்ல சைக்கிள் எடுக்கிறீங்களா? முதல்ல இதைக் கேளுங்க!

அரிசோனாவின் டூசான் நகரத்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து இறங்குற பிள்ளைங்க சைக்கிள் வாங்கின கையோட கேட்கிறது ஒன்றுதான். "அக்கா, லூப்பை ஒரே நாள்ல சுத்திடலாமா?" வேண்டாம் கண்ணு. லூப்ங்கிறது ஊரைச் சுத்திப் போற சைக்கிள் பாதை. கிளைகளெல்லாம் சேர்த்து அது 137 மைல், அதாவது 220 கிலோமீட்டர். பந்தயத்துக்குப் பழகுறவங்க அதைப் பார்த்துக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையை நிம்மதியாக் கழிக்கணும்னா நான் சொல்ற மாதிரி போங்க.

1. ஒரு துண்டு போதும். ரியீட்டோ ஆற்றங்கரைப் பாதையை எடுங்க. அல்வெர்னான் சாலை பக்கம் இருக்கிற பிராண்டி ஃபென்டன் பூங்காவில் காரை நிறுத்தலாம், கழிவறை உண்டு, தண்ணீரும் பிடிச்சுக்கலாம். அங்கிருந்து மேற்கே மூணு நாலு மைல் மிதிச்சா ரியீட்டோ பூங்கா. ஞாயிறு காலையில் அங்கே உழவர் சந்தை நடக்கும். சாப்பிட்டு, காய் வாங்கிட்டுத் திரும்பலாம். பெரிய சாலை வர்ற இடத்தில் எல்லாம் பாதை பாலத்துக்கு அடியில் இறங்கிப் போயிடும். அதனால சிக்னலில் நிற்கிற வேலையே இல்லை, சின்னப் பிள்ளைங்களையும் தைரியமாக் கூட்டிட்டுப் போகலாம்.

பக்கத்தில் இருக்கிற ஆற்றில் தண்ணீர் இருக்காது, வெறும் மணல்தான். அதைப் பார்த்து ஏமாறாதீங்க. 1983 அக்டோபரில் வந்த வெள்ளம் இந்த ஊர் ஆறுகளின் கரைகளை அரிச்சுத் தள்ளிடுச்சு. அதுக்கப்புறம்தான் மண்ணையும் சிமென்டையும் கலந்து கரையைக் கெட்டிப்படுத்தினாங்க. இன்னைக்கு நீங்க மிதிக்கிற பாதை பெரும்பாலும் அந்தக் கரை மேலதான் போகுது.

2. நாளை ரெண்டாப் பிரிங்க. காலையில் ஒரு சவாரி, சாயங்காலம் ஒரு சவாரி, நடுவில் வீட்டில் தூக்கம். மே முதல் செப்டம்பர் வரைக்கும் வெளிச்சம் வந்ததுமே கிளம்பி, ஒன்பது மணிக்குள் வீடு சேருங்க. 1990 ஜூன் 26-ல் இந்த ஊரில் 47 டிகிரி செல்சியஸ் அடிச்சிருக்கு. ஜூனில் 38 டிகிரி சாதாரணம். "பத்து மணிக்குக் கிளம்பினா என்ன அக்கா"ன்னு கேட்கிறவங்க, மதியம் தலைவலியோட படுத்துக் கிடப்பாங்க. அக்டோபரில் இருந்து ஏப்ரல் வரைதான் அருமையான காலம். ஆனா டிசம்பர், ஜனவரி விடியலில் கை விறைச்சுப் போகும். பாலைவன ஊர்னு நினைச்சு மெல்லிசு சட்டையோட வராதீங்க. கையுறையும் கழற்றி இடுப்பில் கட்டிக்க ஒரு ஜாக்கெட்டும் வேணும்.

3. தண்ணீர் பாதியானால் திரும்பிடுங்க. இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். சென்னையில் வியர்த்தா சட்டை நனையும், உடம்பு தண்ணீர் கேட்குதுன்னு தெரியும். இங்கே காற்று அவ்வளவு வறட்சி, வியர்வை வந்த வேகத்தில் காய்ஞ்சிடும். வியர்க்கவே இல்லைன்னு நினைச்சுட்டிருப்பீங்க, உடம்பு வத்திக்கிட்டு இருக்கும். தாகம் எடுக்கிற வரைக்கும் காத்திருக்காம கொஞ்சம் கொஞ்சமாக் குடிங்க.

- முந்தின ராத்திரி பாட்டிலில் பாதித் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைங்க. காலையில் மீதியை நிரப்பினா ரொம்ப நேரம் சில்லுன்னு இருக்கும்.
- ரெண்டாவது பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு. மோர் எடுத்துட்டுப் போகாதீங்க, வெயிலில் புளிச்சிடும்.
- தலை சுத்தினாலோ, வெயிலிலேயே குளிர் மாதிரி சிலிர்த்தாலோ உடனே இறங்குங்க. பாலத்தடி நிழலில் உட்கார்ந்து தலையையும் கழுத்தையும் நனைங்க. "இன்னும் ஒரு மைல்தானே"ன்னு மிதிக்காதீங்க. பேச்சு குழறினா, புத்தி தடுமாறினா 911-ஐ கூப்பிடுங்க.

4. நெருஞ்சி முள். ஆமாம், நம்ம ஊர் நெருஞ்சியேதான். மஞ்சள் பூ, தரையோட படர்ந்த கொடி, அதே முள். இந்த ஊர்க்காரங்க இதை ஆட்டுத்தலைன்னு சொல்லுவாங்க. டூசானில் பங்க்சர் ஆனா முதல் சந்தேகம் இது மேலதான். பாதையை விட்டு மண்ணில் சைக்கிளை உருட்டாதீங்க. போட்டோ எடுக்க ஓரம் கட்டணும்னா தூக்கிட்டுப் போய் பெஞ்சில் சாய்ச்சு வைங்க. வாங்கின அன்னைக்கே ட்யூபில் பங்க்சர் அடைக்கிற பசையை ஊற்றச் சொல்லிடுங்க, பாதித் தொல்லை தீரும். பசை இருந்தா முள்ளைப் பிடுங்கிட்டுச் சக்கரத்தைச் சுத்தி விடுங்க, ஓட்டை தானா அடைபடும். பசை இல்லையா? டயரில் முள்ளைப் பார்த்ததும் அவசரப்பட்டுப் பிடுங்காதீங்க, காற்று போயிடும். மாற்று ட்யூபும் பம்பும் கையில் இருக்கிற இடத்தில் வைச்சுப் பிடுங்குங்க. புது ட்யூப் போடும் முன்னாடி டயரின் உள்பக்கத்தை மடிச்ச துணியால் தடவிப் பாருங்க. உள்ளே ஒரு முனை மிச்சம் இருந்தாலும் புது ட்யூபும் போச்சு.

5. பையில் ஒரு பழைய சீப்பு. சிரிக்காதீங்க. சோய்யான்னு ஒரு கள்ளி இருக்கு, லேசா உரசினாலே அதன் முள் உருண்டை கழன்று காலில் ஒட்டிக்கும். கையால் எடுத்தா கையிலும் ஏறும். சீப்பை அடியில் கொடுத்து ஒரே சுண்டாச் சுண்டி விடுங்க.

6. வலது பக்கம், எப்பவும் வலது பக்கம். நம்ம கை தானா இடப்பக்கம் இழுக்கும், அதுதான் ஆபத்து. பின்னாடி இருந்து "ஆன் யுவர் லெஃப்ட்"னு குரல் வந்தா, அவர் உங்க இடப்பக்கமாத் தாண்டப் போறார்னு அர்த்தம். லெஃப்ட்னு காதில் விழுந்ததும் இடப்பக்கம் ஒதுங்கி நேரா அவர் மேலேயே மோதுறவங்க உண்டு. வலது ஓரத்திலேயே நேராப் போங்க, போதும். நீங்க தாண்டும்போது மணி அடிங்க. நடக்கிறவங்க, குதிரையில் வர்றவங்க பக்கத்தில் வேகத்தைக் குறைங்க.

7. மழை அறிகுறி தெரிஞ்சா பாலத்தடி கூடவே கூடாது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை இங்கே பருவமழைக் காலம். உங்க தலைக்கு மேலே வானம் நீலமா இருக்கும், வடக்கே சான்டா கத்தலீனா மலையில் மழை கொட்டியிருக்கும், காய்ஞ்ச ஆற்றில் வெள்ளம் வந்துடும். மலைமேல் கருமேகம் தெரிஞ்சா அன்னைக்குச் சாயங்கால சவாரி கிடையாது. வெள்ளம் வடிஞ்ச மறுநாளும் பாலத்தடியில் சேறு கிடக்கும், இறங்கித் தள்ளிட்டுப் போங்க.

8. சாயங்காலம், இதே ரியீட்டோ பாதையில் வர்ற கேம்ப்பெல் பாலம். வெயில் காலத்தில் இருட்டுற நேரம் அந்தப் பாலத்து இடுக்குகளில் இருந்து வௌவால்கள் திரள் திரளாக் கிளம்பும். குழந்தைகளோட கட்டாயம் போய்ப் பாருங்க. நேர் அடியில் நிற்காம கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கீழே விழுந்து கிடக்கிற வௌவாலைத் தொடவே கூடாது, வெறிநோய் இருக்கலாம். இருட்டில் திரும்பி வர்றப்போ சைக்கிளுக்கு முன்பக்கம் வெள்ளை விளக்கும் பின்பக்கம் சிவப்பு விளக்கும் வேணும். பாதையில் கம்பு மாதிரி ஏதாவது குறுக்கே கிடந்தா நிறுத்திப் பார்த்துட்டுப் போங்க. பகல் சூடு தங்கின தார்மேல கிலுகிலுப்பைப் பாம்பு வந்து படுத்திருக்கும். தானா நகர்ந்து போகட்டும், நீங்க வழியை விடுங்க.

இவ்வளவும் மலைப்பா இருந்தா மூணையாவது பிடிச்சுக்கோங்க: ட்யூபில் பசை, ரெண்டு பாட்டில், விடியக் கிளம்புறது. இந்த ஞாயிறே போயிட்டு வாங்க. முதல்ல டயரில் காற்று பாருங்க.